முள் பக்கமா, ஒயர் பக்கமா

பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு சொல்கிறது:
பக்கம் எண்பத்தேழைப் பார்.
எண்பத்தேழு சொல்கிறது: கனெக்டர் சி-பதினாலைப் பார்.
சி-பதினாலு இருந்த தாளை
புதுப்பேட்டையில் நகலெடுத்தவன் கோணலாக வைத்திருக்கிறான்.
பாதி கனெக்டர்
தாளுக்கு வெளியே போய்விட்டது.

கொரட்டூர். மழை விட்டு மூன்றாம் நாள்.
கடைவாசலில் இன்னும் கணுக்கால் தண்ணீர்.
தணிகைவேலின் கால் டாக்சி
செல்ஃப் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது,
பிடிக்கவில்லை.
ஸ்கேனரில் ஒரே வரி:
கிராங்க் சென்சார், சிக்னல் இல்லை.

சென்சார் போச்சு என்று சொல்வது சுலபம்.
சொன்னேன்.
இரண்டாயிரத்து எண்ணூறுக்குப் புதுசு வாங்கி மாட்டினேன்.
ஸ்கேனரில் அதே வரி,
அதே எழுத்து, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

பிறகுதான் படத்தைப் பிரித்தேன்.
நகலில் எல்லா ஒயரும் கருப்பு.
பக்கத்தில் ஓர் எழுத்து: பி.
பிளாக்கா, புளூவா, பிரவுனா?
எழுத்துக்கு அர்த்தம் முதல் பக்கத்தில் இருக்கிறதாம்.
முதல் பக்கத்தை யாரும் நகலெடுப்பதில்லை.
வண்டிக்குள் குனிந்தால்
ஆயில் குடித்த ஒயர்கள் அத்தனையும்
நேற்று வைத்த ரசத்தின் நிறம்.

மூன்று முள்.
ஒன்று ஐந்து வோல்ட், இரண்டு சிக்னல், மூன்று எர்த்.
மீட்டரின் சிவப்பு முனையை ஒன்றில் வைத்தேன்: ஒன்றுமில்லை.
மூன்றில் வைத்தேன்: ஐந்து.
எர்த்தில் எப்படி ஐந்து வரும்?
மறுபடி வைத்தேன். ஐந்து.
அப்படியானால் பெரிய பெட்டிதான், ஈசியூ,
இருபத்தாறாயிரம்.
அந்தத் தொகையை வாய்க்குள் வைத்துக்கொண்டு
வாசலைப் பார்த்தேன்.
தணிகைவேல் தண்ணீரில் நின்று
ஐந்தாம் தேதித் தவணைக்காரனிடம்
"நாளைக்கு சார், நாளைக்கு கண்டிப்பா" என்று
போனுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மின்விசிறி தாளைத் தூக்கிப் போட்டது.
ஈரத் தரையில் குப்புற விழுந்தது.
தண்ணீர் ஏறி, மை ஊடுருவி,
வெற்றுப் பக்கத்தில் படம் எழும்பி வந்தது,
இடம் வலமாய்.

எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன்.
லாக் இருக்கும் பக்கம், மொழி விட்ட பக்கம்,
இப்போதுதான் என் கையிலிருந்த கனெக்டர் போலவே இருந்தது.
வரைந்தவன் ஒயர் பக்கம் நின்று வரைந்திருக்கிறான்.
நான் முள் பக்கம் நின்று படித்திருக்கிறேன்.
மூன்றாவது, ஒன்று.
அங்கே ஐந்து இருப்பதுதான் நியாயம்.

அந்த ஐந்துக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்.
ஒன்றரை.
முழுதாய் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை.

படத்தில் எர்த் என்றால் மூன்று கோடு,
ஒன்றின் கீழ் ஒன்று, சிறுத்துச் சிறுத்து.
வரைந்தவனுக்கு அது முற்றுப்புள்ளி.
எனக்கு அது ஒரு போல்ட்,
பத்தாம் நம்பர் ஸ்பேனர் போகிற போல்ட்,
வண்டியில் எங்கேயோ.
பேட்டரியைக் கழற்றி, தட்டைக் கழற்றி,
அடியில் கண்டேன்:
ஏரித் தண்ணீர் வந்து போன இடத்தில்
பச்சையாய்ப் பூத்திருந்தது.

உப்புத்தாளால் தேய்த்தேன். செம்பு தெரிந்தது.
இறுக்கினேன்.
கழற்றிப் போட்ட பழைய சென்சாரையே மாட்டி
சாவியைத் திருப்பினேன்.
ஒரே அடி.

"அப்ப அது கெட்டே போவலியா?" என்றார் தணிகைவேல்.
"இல்ல."
"அப்ப புதுசு?"
பில்லைக் காட்டினேன்.
எலக்ட்ரிகல் சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது.
"என் கணக்கு" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இரவு பன்னிரண்டுக்கு ஏர்போர்ட் சவாரி பிடிக்க
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்.

புதிய சென்சார் அட்டைப்பெட்டியோடு அலமாரியில்.
தாளை டியூப்லைட்டுக்கு அடியில் காயவைத்து
பந்துமுனைப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்:
ஒயர் பக்கமிருந்து பார்க்கவும்.
ஈரம் முழுதும் போகவில்லை.
என் கையெழுத்தும் ஊறிப்போய்
பின்னால் தெரிகிறது,
யார் படிக்கவோ.